பட்டறைப் பக்கம்: பலகைகளை அடுக்கி வைப்பது குறித்த வாசகர் கேள்விகள்

வீட்டுப் பட்டறையில் மரத்தை எங்கே, எப்படி வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: 10 அடிக்கு 12 அடி உள்ள அறையைப் பட்டறையாக வைத்திருக்கிறேன். வாங்கிய பலகைகளும் மிஞ்சிய துண்டுகளும் நான்கு மூலைகளிலும் சாய்ந்து கிடக்கின்றன. எனக்கு வேண்டிய பலகை எப்போதும் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் இருக்கிறது. தேக்கு தனி, வேங்கை தனி என்று மர வகை வாரியாகப் பிரித்து அடுக்கினால் சரியாகிவிடுமா?

பதில்: மர வகை வாரியாகப் பிரிப்பது மரம் விற்பவருக்குப் பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொரு வகையிலும் ஒரு தட்டை நிரப்பும் அளவுக்கு அவரிடம் சரக்கு இருக்கும். உங்களிடம் தேக்கில் மூன்று பலகைகள், வேங்கையில் ஒன்று, பெயர் தெரியாத ஏதோ ஒரு மரத்தில் ஐந்து என்றுதான் இருக்கும். வகைக்கு ஒரு தட்டு ஒதுக்கினால் பாதித் தட்டுகள் காலியாகவும் மீதிப் பலகைகள் தரையிலும் கிடக்கும். ஆகையால் வகையை மறந்துவிட்டு வடிவத்தை வைத்துப் பிரியுங்கள். 4 அடிக்கு மேற்பட்ட பலகைகளும் சட்டங்களும் ஒரு கூட்டம், பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) போன்ற ஷீட்டுகள் ஒரு கூட்டம்; குட்டைத் துண்டுகள் ஒரு கூட்டம்; இன்னும் ஈரம் காயாத மரம் இருந்தால் அது நான்காவது கூட்டம். இந்த நான்கும் தாங்கி நிற்கும் விதம், எடுக்கும் விதம், கெட்டுப்போகும் விதம் ஆகிய மூன்றிலும் வேறுபடுபவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

அடுத்து, உங்கள் அறையில் முடிவு செய்ய வேண்டிய முக்கியமான விஷயம் பலகையை எந்தத் திசையில் வெளியே எடுப்பது என்பது. முன்பக்கம் தூண்கள் வைத்த அலமாரி போன்ற ரேக்கைச் செய்தீர்களானால், 8 அடிப் பலகையை அதன் நீளவாக்கில்தான் உருவ முடியும். பலகை உள்ளே இருக்க 8 அடி, வெளியே வர இன்னொரு 8 அடி என்று 16 அடி நீளம் அதற்குத் தேவைப்படும். உங்கள் அறையில் அது கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைகளை மட்டும் கொண்ட, முன்பக்கம் முழுவதும் திறந்த ரேக்கில் பலகையைத் தூக்கி முன்னால் எடுத்துவிடலாம். அதை 12 அடிச் சுவரில் பொருத்துங்கள். மேசை ரம்பம் இருந்தால், மரம் அதனுள் செல்லும் திசை அந்தச் சுவருக்கு இணையாக இருக்கட்டும். அப்போது ரேக்கிலிருந்து எடுத்த பலகையை அறைக்குள் திருப்ப வேண்டிய அவசியமே இருக்காது. 8 அடிப் பலகையைச் சின்ன அறையில் திருப்பும்போது விளக்குதான் முதலில் உடைகிறது.

கையின் நீளம் 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் இடம் கூடும் என்று தோன்றும். உண்மையில் பின்னால் போகும் பலகைகள் மறுபடியும் மூலையில் கிடந்த பலகைகளின் நிலைக்கே வந்துவிடும். தட்டுகளுக்கு இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் விட்டால் போதும். குறைந்த உயரமுள்ள பல தட்டுகள், அதிக உயரமுள்ள சில தட்டுகளைவிட எப்போதும் நல்லவை, ஏனென்றால் அடியில் இருப்பதை எடுக்க மேலே நான்கைந்து பலகைகளுக்கு மேல் அகற்ற வேண்டியிருக்காது. கனமானவை இடுப்புக்குக் கீழே, அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, மெல்லிய நீளச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேலே.

கேள்வி: நீங்கள் சொல்வது போன்ற சுவர் ரேக்குக்கு, புத்தக அலமாரிக்குப் போடும் எல் வடிவ பிராக்கெட்டுகள் போதுமா? எவ்வளவு எடை வரும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நல்ல வேளையாக, பொருத்துவதற்கு முன்பே கேட்டீர்கள். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது. 8 அடி நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பலகை, அந்தக் கணக்கில், 8 கிலோ வரும். தட்டுக்கு 10 பலகைகள் வீதம் 5 தட்டுகள் வைத்தால் மொத்தம் 400 கிலோ, அதாவது ஆறு பேர் ஒரே நேரத்தில் உங்கள் சுவரைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். ஈட்டி போன்ற கனத்த மரமாக இருந்தால் இது 500 கிலோவைத் தாண்டும்.

ஆனால் ரேக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது எடை மட்டுமல்ல. அந்த எடை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு இடையே எவ்வளவு உயரம் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் பிடுங்கும் விசையைத் தீர்மானிக்கின்றன. 40 சென்டிமீட்டர் கையில் பரவியிருக்கும் சுமை, சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்ளலாம். தனி பிராக்கெட் ஒன்று 20 கிலோவைத் தாங்குகிறது, அதன் இரண்டு திருகுகளுக்கும் இடையே 8 சென்டிமீட்டர் இருக்கிறது என்றால், மேல் திருகைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 20 பெருக்கல் 20 வகுத்தல் 8, அதாவது 50 கிலோ. இதே போன்ற ஐந்து கைகளையும் ஒரே நீளத் தூணில் பொருத்தி, அந்தத் தூணின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 180 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், மொத்தச் சுமை 100 கிலோவாக இருந்தும் மேல் போல்ட்டை இழுக்கும் விசை 11 கிலோவுக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு பிராக்கெட்டின் மேல் திருகும் 50 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டிய இடத்தில், தூண் முழுவதற்கும் 11 கிலோதான். இவ்வளவு பெரிய வேறுபாடு வெறும் போல்ட்டின் இடத்தை மாற்றியதால் கிடைக்கிறது என்பதால்தான் தனி பிராக்கெட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், தூணின் அடியைத் தரையில் ஊன்றி நிற்கும்படி செய்துவிட்டால் எடையைத் தரையே ஏற்றுக்கொள்ளும். சுவரில் உள்ள போல்ட்டுகள் ரேக் முன்னால் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். சுவர் உள்ளீடற்ற கல்லால் கட்டப்பட்டதாகவோ பழைய, உதிரும் சுவராகவோ இருந்தால் இந்த முறையைத் தவிர வேறு எதற்கும் போகாதீர்கள். ஆங்கர் போல்ட் வாங்கும்போது பூச்சின் கனத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் பூச்சுக்குள் இருக்கும் நீளம் எதையும் பிடிக்காது. அதற்கு அப்பால் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்கியிருக்கும் நீளம்தான் வேலை செய்கிறது. இரண்டு செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தில் துளை விழுந்தால், சில அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள்.

தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதைப் பலகையின் தடிமன் சொல்லும். தாங்கிகளுக்கு இடையில் பலகை தன் எடையால் தொய்யும் அளவு, இடைவெளியின் நான்காம் படிக்கு ஏற்ப மாறுகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 25 மில்லிமீட்டர் பலகைக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளி பொருந்தும். 12 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய பலகைகளை நிறைய வைத்திருப்பவர்கள் 40 சென்டிமீட்டருக்கு ஒரு தூண் வைக்க வேண்டும், அல்லது தடித்த பலகை ஒன்றைக் கைகளின் மேல் விரித்து அதன் மேல் மெல்லியவற்றை அடுக்க வேண்டும். ஓராண்டு தொய்ந்தபடியே கிடந்த பலகை, எடுத்து நிமிர்த்தி வைத்தாலும் முழுமையாக நிமிராது. இழைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதில் தடிமன் போய்விடும்.

பொருத்தி முடித்ததும் முதல் கைக்கும் கடைசிக் கைக்கும் நடுவே நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு கை 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் அந்தத் தட்டில் வைக்கும் எல்லாப் பலகைகளும் அந்த இடத்தில் கூனும். ரசமட்டம் இரண்டு அடுத்தடுத்த கைகளுக்குச் சரி என்று சொல்லும். முழு நீளத்துக்கும் நூல்தான் உண்மை சொல்லும். கையின் முன்நுனி பின்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் பலகைகள் வழுகி முன்னால் வராது.

கேள்வி: பலகைகளை நிற்க வைத்தால் வளைந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: சாய்த்து வைத்தால் வளையும், நிற்க வைத்தால் வளையாது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வந்த பயம் இது. காய்ந்த பலகையைச் சுவரோடு ஒட்டி நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவிலும் மேலேயும் தடுப்புக் கம்பிகளுக்கு இடையே வைத்தால் அதன் எடை நேராகக் கீழே இறங்குகிறது. வளைக்க எதுவும் இல்லை. பலகையின் கீழ்முனை சுவரிலிருந்து 2 அடி தள்ளியும் மேல்முனை சுவரிலும் இருக்கும்போதுதான் நடுப்பகுதி தொங்கிப்போகிறது. நிற்க வைப்பதில் ஒரு பெரிய வசதி, புத்தகங்களைத் தள்ளிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பலகையின் முகத்தையும் பார்த்து நார்வாக்கு பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். கூரை உயரம் பலகையின் நீளத்தைவிட ஒரு அடியாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கி எடுக்கும்போது மேலே இடிக்கும். அடிப்பகுதியை வெறும் கான்கிரீட் தரையில் வைக்காதீர்கள். பலகையின் வெட்டுமுனை, அதன் முகத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஈரத்தை உறிஞ்சும். கான்கிரீட்டோ மண்ணிலிருந்து ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயரமுள்ள மர மேடை ஒன்று அடியில் இருந்தால் போதும்.

கேள்வி: தோட்டத்தில் விழுந்த மாமரத்தை மில்லில் கொடுத்துப் பலகைகளாக அறுத்து வாங்கியிருக்கிறேன். பட்டறைக்குள்ளேயே ரேக்கில் அடுக்கிவிடலாமா? எப்போது வேலைக்கு எடுக்கலாம்?

பதில்: கூடாது. காய்ந்த நிலையில் 15 கிலோ எடையுள்ள ஒரு கன அடி மரம், அறுத்த புதிதில் அந்த எடையில் 60 சதவீத அளவுக்கு நீரைச் சுமந்துகொண்டிருந்தால், அது 12 சதவீதத்துக்கு வருவதற்குள் 7 லிட்டர் நீரை வெளியே விடும். மூடிய அறையில் 10 கன அடி வைத்தால் 70 லிட்டர். அந்த நீர் உங்கள் காய்ந்த பலகைகளுக்குள்ளும் இரும்புக் கருவிகளின் மேலும்தான் போய் உட்காரும். எனவே மேலே கூரை, பக்கங்களில் திறப்பு, நேரடி வெயில் படாத நிழல் ஆகிய மூன்றும் உள்ள வெளியிடத்தில் அடுக்குங்கள்.

மில்லிலிருந்து வந்த அன்றே வெட்டுமுனைகளுக்கு மெழுகோ தடித்த பெயின்ட்டோ பூசிவிடுங்கள். முனை வழியே நீர் வேகமாக வெளியேறினால் அந்த இடம் மட்டும் முதலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு தெரிந்த பிறகு பூசுவதால் பயன் குறைவு. தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயரத்தில் அடிக்கட்டைகளை ஒரே மட்டத்தில் வையுங்கள். அடித்தளம் கோணலாக இருந்தால், காயும் பலகைகள் அந்தக் கோணலையே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு வரிசைப் பலகை, குறுக்கே ரீப்பர்கள் (மெல்லிய மரக் கீற்றுகள்), மீண்டும் ஒரு வரிசைப் பலகை என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ரீப்பர்கள் 20 முதல் 25 மில்லிமீட்டர் கனத்தில், எல்லாமே ஒரே அளவில் இருக்க வேண்டும். 40 முதல் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று வைக்கலாம், முறுக்கிக்கொள்ளும் இயல்புள்ள மரமானால் இன்னும் நெருக்கமாக. இரண்டு முனைகளிலும் விளிம்பையொட்டி ஒவ்வொன்று இருக்கட்டும்.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு அடுக்கின் ரீப்பரும் அதற்குக் கீழுள்ள ரீப்பருக்கு நேர் மேலே வர வேண்டும். அப்படி வந்தால் மேலுள்ள மொத்த எடையும் ரீப்பர், பலகை, ரீப்பர், பலகை என்று நேர்கோட்டில் அடிக்கட்டைக்கு இறங்கும். 10 சென்டிமீட்டர் விலகினால் அந்த எடை, இரண்டு ரீப்பர்களுக்கு நடுவில் வெறுமனே இருக்கும் பலகையின் முதுகில் இறங்கி அதை அலை அலையாக வளைத்துவிடும். ரீப்பர் கட்டாயம் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். மா போன்ற வெளிர்நிற மரங்களில் ஈர ரீப்பர் பட்ட இடங்களில் பூஞ்சணம் பிடித்து, இழைத்தாலும் போகாத கறைக் கோடுகள் விழும். எல்லாவற்றுக்கும் மேலே கனமான கட்டைகளை வைத்து அமுக்குங்கள், ஏனெனில் மேல் வரிசைப் பலகைகளைப் பிடித்துக்கொள்ள வேறு எடை கிடையாது. அடிமரத்தின் நட்டநடு மென்பகுதி ஏதாவது பலகையில் வந்திருந்தால் அந்தக் கீற்றை இப்போதே அறுத்து எடுத்துவிடுவது நல்லது. அது எப்படியும் பிளக்கும்.

ஒரு அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்ற பழைய கணக்கு ஒரு தோராயம்தான். காற்றின் ஈரம், மர வகை, அடுக்கிய இடம் ஆகியவற்றைப் பொறுத்து அது பாதியாகவும் ஆகலாம், இரு மடங்காகவும் ஆகலாம். சந்தேகமில்லாமல் அறிய ஒரு வழி உண்டு. ஒரு பலகையின் முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குறுக்குத் துண்டை அறுத்து உடனே எடை போடுங்கள். பிறகு அதை 103 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். முதலில் 84 கிராம், கடைசியில் 70 கிராம் என்றால், போன நீர் 14 கிராம். அதை 70ஆல் வகுத்தால் ஈரம் 20 சதவீதம். ஈரமானி இருந்தால் இன்னும் எளிது, ஆனால் அதன் ஊசிகளைப் பலகையின் மேற்பரப்பில் குத்தாமல், புதிதாக அறுத்த குறுக்குவெட்டின் நடுவில் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பலகைதான் பிற்பாடு வேலையைக் கெடுக்கும்.

கேள்வி: சூளையில் காயவைத்த பலகைகளைத்தான் வாங்குகிறேன். அவற்றுக்குமா இவ்வளவு கவனம் தேவை?

பதில்: சூளையில் காய்ந்த மரம் காய்ந்தபடியே இருந்துவிடாது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் ஏறத்தாழ 9 சதவீதத்திலும், 65 ஆனால் 12 சதவீதத்திலும், 80 ஆனால் 16 சதவீதத்திலும் வந்து நிற்கும். அது சூளையில் காய்ந்ததா நிழலில் காய்ந்ததா என்பதால் இதில் பெரிய மாற்றம் கிடையாது. தேக்கு, நனைந்த நிலையிலிருந்து முற்றிலும் காயும்வரை வளையங்களின் போக்கில் 5.8 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்குகிறது. மழைக்காலத்தில் 16 சதவீதத்தில் இருந்த, 30 சென்டிமீட்டர் அகலத் தட்டையறுப்புப் பலகையை (அகலம் வளையங்களின் போக்கில் வரும்படி அறுத்ததை) எடுத்து மேசைப்பலகை செய்து, அது 12 சதவீதத்துக்கு இறங்கும் அறையில் வைத்தால், ஒரு பலகையிலேயே 2 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். அளவாகச் செய்த இணைப்பு திறந்துகொள்ள இது போதும். இத்தனைக்கும் அதிகம் அசையாத மரம் என்று பெயர் பெற்றது தேக்கு.

ஆகவே மரத்தை வைக்கும் அறையும் செய்த பொருள் இருக்கப்போகும் அறையும் ஒரே தன்மையில் இருப்பது நல்லது. அது முடியாவிட்டால், அடுத்த வேலைக்கு வேண்டிய பலகைகளை மட்டும் சில வாரங்களுக்கு முன்பே அந்த அறைக்கு மாற்றி, ரீப்பர் கொடுத்து அடுக்குங்கள். அவற்றில் ஒரு சிறு துண்டை அவ்வப்போது சமையலறைத் தராசில் எடை போட்டு வாருங்கள். எடை மாறுவது நின்றுவிட்டால் மரம் அறைக்குப் பழகிவிட்டது என்று பொருள். ரேக்கில் இருக்கும் காய்ந்த பலகைகளுக்கு ரீப்பர் கட்டாயமில்லை, ஆனால் தரையில் ஒரே அடுக்காகப் போட்டு மேல்முகம் மட்டும் காற்றுப் படும்படி வைத்தால் அகலப் பலகைகள் குழிந்துவிடும்.

கேள்வி: பிளைவுட் ஷீட்டுகளுக்கு எளிய ஏற்பாடு ஏதாவது?

பதில்: படுக்க வைப்பதுதான் மிகச் சிறந்தது, ஆனால் 32 சதுர அடித் தரையை அதற்குக் கொடுக்க யாராலும் முடியாது. நீண்ட விளிம்பு கீழே இருக்கும்படி, தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயர்ந்த சட்டங்களின் மேல் நிறுத்தி, சுவர்ப்பக்கம் 10 சென்டிமீட்டர் மட்டும் சாய்த்து வையுங்கள். முதுகுக்குப் பின்னால் தட்டையான ஒரு முழுப்பரப்பு இருக்க வேண்டும். 3, 4 மில்லிமீட்டர் ஷீட்டுகளைத் தடித்த இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவில் வைத்தால் வளையாது. எம்.டி.எஃப். விளிம்பில் தரை ஈரம் பட்டு ஒரு முறை உப்பினால் மறுபடி பழைய தடிமனுக்கு வராது.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும், எம்.டி.எஃப். 40 கிலோ. பின்னாலுள்ள ஒன்றை எடுக்க முன்னாலுள்ள ஐந்தாறு ஷீட்டுகளை வயிற்றில் சாய்த்துக்கொண்டு நிற்பது எல்லோரும் செய்கிற காரியம். நெட்டுக்குத்து நிலையைத் தாண்டி அவை உங்கள் பக்கம் சாயத் தொடங்கினால் 200 கிலோவை நிறுத்த ஒரு ஆளால் முடியாது. குறுக்கே ஒரு சங்கிலியோ கழற்றி மாட்டும் சட்டமோ கட்டாயம் வையுங்கள். பின்னாலுள்ளதை எடுக்க வேண்டுமானால் முன்னாலுள்ளவற்றை ஒவ்வொன்றாக வேறிடத்தில் எடுத்து வைப்பதே வழி. அலுப்பான வழிதான்.

கேள்வி: சிறு துண்டுகளை எறிய மனம் வரவில்லை. எந்த அளவு வரை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: துண்டின் அளவுக்கு வரம்பு வைத்தவர்கள் எல்லோரும் தோற்றுப்போயிருக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விதிவிலக்கு தோன்றும். இடத்துக்கு வரம்பு வையுங்கள். உள்ளே ஐந்தாறு அறைகள் தடுத்த ஒரு சக்கரப் பெட்டி செய்து, பின் அறைகள் உயரமாகவும் முன் அறைகள் தாழ்வாகவும் இருக்கும்படி அமைத்து, துண்டுகளை நீளவாரியாக நிறுத்தி வையுங்கள். நீளம்தான் தேடும்போது முதலில் தேவைப்படும் தகவல். பெட்டி நிரம்பிய பிறகு புதிய துண்டு உள்ளே வர வேண்டுமானால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

இருந்தாலும் ஒரு குறிப்பு: இழைப்பு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டைச் செலுத்துவது பாதுகாப்பற்றது, உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் சொல்லியிருக்கும் நீளத்தைப் பாருங்கள். அதைவிடக் குட்டையான துண்டை இனிக் கையால்தான் இழைக்க முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எறிவது கொஞ்சம் எளிதாகும். அகலம் குறைந்த நீளக் கீற்றுகளை எறியாதீர்கள், அவை ரீப்பராகப் பயன்படும்.

கேள்வி: இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனபின் எது என்ன மரம், எப்போது வாங்கியது என்பது மறந்துபோகிறது.

பதில்: அடுக்கிய பிறகு கண்ணுக்குத் தெரிவது வெட்டுமுனை மட்டும்தான், எனவே அங்கே எழுதுங்கள். மரத்தின் பெயர், தடிமன், வாங்கிய மாதம், ஆண்டு போதும். எழுதிய முனை எப்போதும் ஒரே பக்கம் பார்க்கட்டும். பலகையை அறுக்கும்போது எழுதாத முனையிலிருந்தே அறுங்கள். அப்படிச் செய்தால் மிஞ்சும் துண்டு எவ்வளவு குட்டையானாலும் அதன் பெயர் அதனுடனேயே இருக்கும். ஒரே அடிமரத்தில் அறுத்த பலகைகளுக்கு வரிசை எண் போட்டு வைத்தால், கதவுக்கோ மேசைக்கோ நிறமும் வரியும் ஒத்துப்போகும் பலகைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: ரேக்கின் கீழ்த் தட்டில் மாவு போன்ற பொடி விழுந்திருக்கிறது. பலகையில் குண்டூசி நுழையும் அளவு துளைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1 முதல் 2 மில்லிமீட்டர் துளையும் மாவு போன்ற மெல்லிய பொடியும் மரத்தைத் துளைக்கும் சிறு வண்டின் அடையாளம். இந்த வண்டின் புழு, அகன்ற இலை மரங்களின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தின்று வளர்வது. வைரம் பாய்ந்த பகுதியைப் பொதுவாக அது தொடுவதில்லை. துளை என்பது வண்டு வெளியேறிய வழி என்பதால், அது பழைய கதையாகவும் இருக்கலாம். பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து, சில வாரங்கள் தனியே வைத்துப் பாருங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்போது வெள்ளைப் பகுதியை அறுத்து அகற்றிவிட்டு அதை உடனே எரித்துவிடலாம். வைரப் பகுதி உங்களுக்கே. பலகை முழுவதும் வெள்ளையாக இருந்தால், ரப்பர் மரத்தில் அப்படித்தான் இருக்கும், சூளை வைத்திருப்பவரிடம் கொடுத்துச் சூடேற்றி வாங்கலாம். மரப் பெட்டிகளுக்கான சர்வதேச விதி கேட்பது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது. ஆனால் வெப்பம் உள்ளே இருப்பதைக் கொல்லுமே தவிர, புதிய வண்டு வந்து முட்டையிடுவதைத் தடுக்காது. வண்டு முட்டையிடுவது மூடப்படாத மரத்துளைகளில்தான், எனவே வார்னிஷ் பூசிய பொருளுக்கு இந்தப் பயம் குறைவு. ரேக்கில் பல ஆண்டு கிடக்கும் வெறும் பலகைகளுக்குத்தான் அதிகம்.

கரையான் வேறு. அது தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ மண்குழாய் கட்டிக்கொண்டு வரும். ரேக்கிலுள்ள பலகைகளுக்கும் சுவருக்கும் இடையே 5 சென்டிமீட்டர் விட்டு, அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, அந்த இடைவெளியை மரத்தூளும் சீவலும் அடைக்காமல் பெருக்கி வைத்திருந்தால், மண்குழாய் ஏறும்போதே கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி: ரேக்குக்குக் கீழே உள்ள இடத்தில் எண்ணெய், வார்னிஷ் டப்பாக்களையும் துடைக்கும் துணிகளையும் வைக்கலாமா?

பதில்: மூடிய டப்பாக்களை இரும்பு அலமாரி ஒன்றில், பலகைகளிலிருந்து தள்ளி வையுங்கள். துணிகளைப் பட்டறையிலேயே வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலேயே சில மணி நேரத்தில் துணி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் துணியை ஒற்றையாக விரித்து வெளியே கொடியில் காயவிடுங்கள், அல்லது நீர் நிரம்பிய இரும்பு வாளியில் அமுக்கி மூடிவிடுங்கள்.